புத்தூர் கட்டா, ரிப் பெல்ட்டா, சும்மா விடுவதா? விலாவில் அடிபட்டால்

போன கோடையில் ஜியு-ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டும் தற்காப்புக் கலை) பயிற்சியில் மல்லாந்து கிடந்தேன். மேலே இருந்தவர் என் வயிற்றில் முட்டியை வைத்து அழுத்தினார். தப்பிக்க ஒருக்களித்தபோது முட்டி வழுக்கி விலாவில் ஏறியது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். உடம்பு சூடாக இருந்ததால் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ராத்திரி ஒரு தும்மல் வந்தது, உயிர் போய்த் திரும்பியது.

மறுநாள் காலை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கிட்டு வாடா, உங்க மாமாவுக்குக் கை மூணே கட்டுல சேர்ந்துச்சு" என்றார் அத்தை. மாஸ்டர் போனில், "மெடிக்கல்ல ரிப் பெல்ட் வாங்கி இறுக்கிக் கட்டுங்க தம்பி" என்றார். டாக்டரோ, எதையும் கட்டாதீர்கள் என்றார்.

முதலில் புத்தூர் கட்டு, அதாவது ஆந்திராவின் புத்தூரில் எலும்பு முறிவுக்குப் போடும் நாட்டு வைத்தியக் கட்டு. நாடு முழுவதிலிருந்தும் எங்கள் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ரயிலேறி வருகிறார்கள். வேலூர்க்காரர்கள் நாமோ எலும்பு முறிந்தால் புத்தூர் போக சித்தூர் பஸ்ஸைத் தேடுகிறோம். சித்தூர்ப் பகுதி 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்ததுதானே, அந்த ஒட்டுறவு விடவில்லை போலும். கை, காலுக்கு அந்தக் கட்டு எப்படி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதன் நோக்கம், முறிந்த இடம் அசையாமல் இருக்க வேண்டும் என்பது. விலாவை அசையாமல் வைக்க முடியுமா? நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம், ஒவ்வொரு முறையும் கூடு விரிந்து சுருங்குகிறது. ஒரு விலா விட்டுப்போனாலும் மேலும் கீழும் உள்ள விலாக்களும் நடுவே இருக்கும் தசைகளும் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அதாவது பத்தை ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது.

விலாவைச் சுற்றி இறுக்கும் பட்டையான ரிப் பெல்ட்டும் அதே கட்டின் கடைச் சரக்கு வடிவம்தான். கட்டியதும் சுகமாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். அரை நாள் கட்டிப் பார்த்தேன்; வண்டியில் வேகத்தடை ஏறும்போது நிஜமாகவே உதவியது. ஆனால் மூச்சு மேலோட்டமாகவே போனது. அதில்தான் ஆபத்து: நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தங்கினால் நிமோனியா வரை போகலாம். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிகளிலேயே விலாவைச் சுற்றிக் கட்டுவார்கள். இதனால்தான் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். வேலூர் வெயிலில் பெல்ட்டுக்கு அடியில் வேர்க்குரு வந்தது தனிக் கதை.

சுளுக்கு உருவிவிடுவது போட்டியிலேயே கிடையாது. விரிசல் விட்ட எலும்பின் மேல் எண்ணெய் போட்டு அழுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

கட்டாமல் விடுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதல்ல. இருப்பதிலேயே அதிக வேலை இதில்தான். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம். டாக்டர் சொன்ன அளவில் வலி மாத்திரை. வலியைத் தாங்குவது வீரம் என்று பயிற்சிக் களத்தில் ஒரு நினைப்பு உண்டு. இங்கே மாத்திரை போடுவதே ஆழமாக மூச்சிழுக்கத்தான். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் பத்து ஆழ்ந்த மூச்சு. இருமல் வந்தால் தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு இருமலாம். தூக்கம்தான் பெரிய கொடுமை. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி தூங்கினேன், எழும்போது கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு மெதுவாக எழுந்தேன்.

சரி, உடைந்தது எது என்று எப்படித் தெரியும்? நம்மூரில் எல்லாமே 'மூச்சுப்பிடிப்பு' தான். உண்மையில் அந்தப் பேர் பொருந்துவது விலாக்களுக்கு இடையே உள்ள தசைக்கு. உடம்பைத் திருப்பும்போது அந்த இடைவெளியில் இழுத்துப் பிடிக்கும். எலும்பு என்றால் விரல் நுனியால் காட்டக்கூடிய ஓரிடத்தில் சுருக்கென்று வலிக்கும். என் டாக்டர் முன்மார்பையும் முதுகையும் இரண்டு உள்ளங்கைகளால் மெல்ல அமுக்கினார். கை படாத பக்கவாட்டில் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம் என்பது கணக்கு. எனக்கு அங்கே வலிக்கவில்லை. வலி முன்பக்கம், எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தில் இருந்தது. 'டொக்' சத்தமும் குனிந்து நிமிரும்போது வந்த சொடுக்கும் அதையே காட்டின. மல்யுத்தம், ஜியு-ஜிட்சு ஆட்களிடம் இது சகஜம்.

எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, விலா விரிசல்களிலும் பல தப்பிவிடும். 'எக்ஸ்ரே நார்மல்' என்ற சீட்டோடு மறுவாரமே பயிற்சிக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயின் பெரிய பயன் வேறு: நுரையீரல் கிழிந்து காற்று கசிகிறதா என்று பார்ப்பது. மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, தலை சுற்றினாலோ, கீழ் விலா அடிக்குப் பிறகு வயிறோ தோள்பட்டையோ வலித்தாலோ புத்தூரும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான். வலது கீழ் விலாவுக்குப் பின்னால் கல்லீரல், இடதில் மண்ணீரல் இருக்கிறது. காய்ச்சல் வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

பயிற்சிக்குத் திரும்பப் போவதிலும் இரண்டு கட்சி. முழு ஓய்வுக்காரர்கள் வீட்டிலேயே கிடந்து உடம்பு இறுகிப்போகிறார்கள். அவசரக்காரர்கள் மறுபடி உடைத்துக்கொள்கிறார்கள். எலும்பு கூட சுமார் 6 வாரம், குருத்தெலும்புக்கு 12 வாரம்கூட ஆகலாம். நான் இரண்டாவது வாரம் கோட்டை அகழியோரம் நடந்தேன், ஐந்தாவது வாரம் தனியாக அசைவுகளை மட்டும் பழகினேன். ஆழ்ந்த மூச்சு, இருமல், விரலால் அழுத்துவது, மூன்றிலும் வலி இல்லாமல் போக எனக்கு ஒன்பது வாரம் ஆனது. பத்தாவது வாரம்தான் ஜோடியோடு உருண்டேன், அதுவும் வயிற்றில் முட்டி வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்து.

அத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தூர் போயிருந்தால் மூணே கட்டு என்கிறார்.