ஆவணி மடுத் திருவிழா: தறப்பாளுக்குக் கீழ் அஞ்சு நாள்

மன்னார் மாவட்டத்து மடுவில், மருதமடு அன்னையின் திருத்தலத்தில் தங்க இரண்டு வழி. நிர்வாகத்திடம் வெள்ளனப் பதிந்து வீடு எடுக்கலாம், இல்லாவிட்டால் மரத்தடியில் தறப்பாள் கட்டலாம். கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் வீடுதான் சரி. மற்ற எல்லாருக்கும் எங்கள் சிபாரிசு மரத்தடி. 1670 இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தோடு வந்த இருபது குடும்பங்களை மறைத்தது இந்தக் காடு. 1990 இலும் யுத்தத்துக்கு ஓடிவந்த சனம் இங்கேதான் கொட்டில் போட்டது. 2008 சித்திரையில் அந்தச் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆவணியில் திரும்பி வந்தது.

கொடியேற்றம் ஆவணி (ஆகஸ்ட்) 6 ஆம் திகதி, திருவிழா 15. நல்ல நிழல் வேண்டுமென்றால் 11 ஆம் திகதியே வந்துவிட வேண்டும். 13 இரவு வருபவருக்கு வெயில்தான் மிச்சம். காலை நிழலைப் பார்த்து ஏமாறக் கூடாது, மத்தியானத்துக்குப் பிறகு அது மரத்தின் கிழக்குப் பக்கம் போய்விடும். ஆகவே அடிமரத்துக்குக் கிழக்கே கட்டுங்கள்.

ஆறு பேருக்கு 15க்கு 12 அடித் தறப்பாள் போதும். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்தை முழங்கால் உயரத்துக்குப் பதித்து, வாசலை வடகிழக்கே விடுங்கள். மறுவளமாகக் கட்டினால் காற்று உள்ளே புகுந்து தறப்பாளை ஊதித் தூக்கும், முதலில் கயிறு கோர்க்கும் கண் வளையங்கள்தான் கிழியும். ஆவணியில் நிலம் காய்ந்து இறுகிக் கிடப்பதால் தடி முளை இறங்காது, இரும்பு முளை கொண்டு வாருங்கள். காஸ் அடுப்பு இந்தக் காற்றுக்கு நின்று எரியாது. மூன்று கல் வைத்து, காற்றுப் பக்கம் தகரமொன்று சாத்தினால் சோறு வேகும்.

குடிதண்ணீருக்கு 20 லீற்றர் கான் இரண்டு தனியாக வேண்டும். 14 பின்னேரம் வேஸ்பர் என்னும் மாலைச் செபத்துக்கு முன் கழிப்பறை, குளிக்குமிடம் எல்லாம் நெரியும், அலுவல்களை மதியத்துக்குள் முடியுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் சேர்ந்தெழும் அந்தச் செபத்துக்காக எவ்வளவு புழுதியும் குடிக்கலாம்.

மடு மண் பாம்புக்கடிக்கு மருந்தென்பது பரம்பரை விசுவாசம். மண்ணைப் பக்தியோடு எடுத்துப் போங்கள், கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மடு றோட் ஸ்ரேஷனிலிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய 12 கிலோமீற்றர். 15 திருப்பலி முடிந்ததும் அந்த வீதி அடைத்துவிடும், 16 விடியப் புறப்படுவது நல்லது. கல் மூன்றையும் அப்படியே விடலாம். கயிற்றை மட்டும் மரத்தில் விடாதீர்கள், மரம் பருக்கப் பருக்கப் பட்டையை அறுக்கும்.