மார்ச் மாதத்தில் திமிங்கிலம் காட்டுகிறேன் என்றவர்

கப்பல் சுற்றுலாவுக்கான துண்டறிக்கை அது. அதில் ஒரு வெள்ளைக் கப்பல், பக்கத்திலேயே வாலைத் தூக்கி நிற்கும் ஒரு திமிங்கிலம். பார்த்தவுடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையோரம் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் போய் வருவது ஜூனிலிருந்து நவம்பர் வரை. நாங்கள் பயணச்சீட்டு வாங்கியதோ மார்ச் மாதத்துக்கு. பிறந்ததிலிருந்து இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே அது தோன்றவில்லை என்றால், சீட்டு விற்ற பயண முகவரின் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசக் காவடி முடிந்த அடுத்த ஞாயிறு, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்துக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மொசாம்பிக்கின் பொமேனே வரை போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம். இடையில் ஒரு முழு நாள் கரையே தெரியாமல் கடல்மேல். "ஆன்ட்டி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும்" என்றார். துண்டறிக்கையின் தலையில் தமிழில் கொட்டை எழுத்தில் "அனைத்தும் அடக்கம்" என்று போட்டிருந்தது. அடக்கத்துக்குத் தமிழில் வேறொரு பொருளும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அதற்குப் பல வருடம் கழித்து வேறொரு கப்பலில் வந்தவர் அம்மாவின் தாத்தா. அவருடைய கூலி எண் எழுதிய தாளை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். "அவர் அடித்தளத்தில் அடைபட்டு வந்த கடலை நான் ஒரு நாள் மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அந்த ஆசையைத்தான் அந்த மேசையில் விலை பேசினோம்.

மூன்று பேருக்கு டிக்கெட் பணம் தனி. அது ஒழுங்காகக் கப்பல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது, டிக்கெட்டும் வந்தது. அதற்கு மேல், கப்பலில் குடிக்கும் பானங்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் பானத் திட்டத்துக்கு 7,200 ராண்ட், இணையத்துக்கு 1,200, ஜன்னல் அறையிலிருந்து பால்கனி அறைக்கு மாற்றித் தர 3,000. ஆக 11,400 ராண்டைத் தன் சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு வாட்ஸப்பில் ஒரு கும்பிடு வந்தது.

ஏறிய அன்று ஒன்றும் தெரியவில்லை. கூட்டம், பாதுகாப்புப் பயிற்சி, டர்பன் துறைமுகத்தை ஒட்டிய பிளஃப் குன்று மெல்லப் பின்னால் போவதைப் பார்த்த பரவசம். அறையின் ஜன்னல் திரையை விலக்கினால் எதிரே ஆரஞ்சு நிறத்தில் ஓர் உயிர்காப்புப் படகு தொங்கியது. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு சாண் கடல். பால்கனி எங்கே என்று என் கணவர் திரைச்சீலைக்குப் பின்னால்கூடத் தேடினார். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். எங்கள் முட்டாள்தனம் அதுதான்.

மறுநாள்தான் அந்தப் புகழ்பெற்ற "ஓய்வான கடல் நாள்". ஏழு மணிக்கு மேல்தளத்துக்குப் போனால் நீச்சல் குளத்தைச் சுற்றி எல்லா நாற்காலியிலும் துண்டு. ஆள் இல்லை, துண்டு மட்டும். அம்மாவுக்கு ஓரமாக ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்துவிட்டு விருந்தினர் சேவை மேசைக்குப் போனேன். அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பியே காட்டினாள். எங்கள் பதிவு எண்ணில் இருந்தவை அறைக் கட்டணமும் துறைமுக வரியும் மட்டுமே. பானத் திட்டம் இல்லை, இணையம் இல்லை. அறையின் வகைக்கு எதிரே "பார்வை மறைக்கப்பட்டது" என்ற குறிப்பு. அது எங்களிடம் இருந்த டிக்கெட்டிலும் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை.

முகவரைக் கூப்பிடலாம் என்றால் இணையம் வேண்டும். இணையம் ஏன் இல்லை என்று கேட்பதற்காக டாலர் கொடுத்து இணையம் வாங்கினேன். செய்திக்குக் கீழே இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. மாலைக்குள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

கரை இல்லாத நாளில் கப்பலே கடைத்தெருவாகிவிடுகிறது. ஒலிபெருக்கி ஓயவில்லை. பிங்கோ, முக அழகு ஆலோசனை, தங்கச் சங்கிலித் தள்ளுபடி, படம் எடுத்துவிட்டு விலை சொல்லும் புகைப்படக்காரர். இதில் ஏமாற்று இல்லை, விலையை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாம் டாலரில், எல்லாம் ஒரு அட்டையை நீட்டினால் முடிந்துவிடுகிறது. பானங்களுக்கு 15 சதவீதச் சேவைக் கட்டணம் பில்லின் அடியில் தானாக ஏறுகிறது. சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். சைவம் கேட்டோம், கொடுத்தார்கள்.

அம்மாவுக்குத் தேநீர் கொண்டுவந்த பணியாளர் தூத்துக்குடிக்காரர். அம்மாவின் பழைய காலத்துத் தமிழைக் கேட்டு நின்றுவிட்டார். "பாட்டி, உங்கள் மருமகன் கையில் இருக்கும் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துவிட்டால் பில் தாளாது" என்றார். நடுக்கடலில் எங்களிடம் எதையும் விற்காமல் பேசிய ஒரே மனிதர். அவர் சொல்லும்போதே என் கணவர் மகனோடு பதினைந்து நிமிடம் பேசி முடித்திருந்தார்.

இன்னொன்று. கப்பலில் செய்யும் செலவுகளுக்கான கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுத்துவிடாதீர்கள். செலவுக்கு முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வீடு திரும்பி மளிகைக் கடையில் கார்டை நீட்டினேன், பணம் இல்லை என்றது இயந்திரம். பிடித்த தொகை விடுபட ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த முகவர், அசாட்டா (ASATA) என்ற பயண முகவர் சங்கத்தில் உறுப்பினரா என்று இப்போதுதான் பார்த்தேன். இல்லை. கப்பல் நிறுவனத்தின் உறுதிச்சீட்டில், உங்கள் பதிவு எண்ணுக்குக் கீழே, பணம் கொடுத்த ஒவ்வொன்றும் வரி வரியாக இருக்கிறதா என்று துறைமுகத்துக்குப் போவதற்கு முன்பே பாருங்கள். இல்லாதது கப்பலிலும் இருக்காது.

சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறேன். 20,000 ராண்ட் வரையிலான வழக்குகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தலாம். முதலில் பணத்தைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும். கடிதத்தைக் கையிலேயே கொடுத்தேன். வழக்குக்குப் போவதால்தான் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வாங்கிக்கொண்டு, "ஆன்ட்டி, அம்மா சந்தோஷமாக இருந்தாரா?" என்று கேட்டார்.

இருந்தார். அதுதான் எனக்கு ஆத்திரம். நாங்கள் மேசைக்கும் அறைக்கும் அலைந்த அந்த நாள் முழுவதும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. தண்ணீர் இவ்வளவு நீலமாக இருக்கும் என்று தாத்தா சொல்லவே இல்லையே என்றார்.

போன ஞாயிறு அந்த மேசை மறுபடியும் மண்டபத்து வாசலில் இருந்தது. புதிய துண்டறிக்கை, அதே திமிங்கிலம்.