அலைன்மென்ட் முடிந்தும் வண்டி இழுத்தால், ரேக்கை மாற்ற உடனே தலையாட்டாதீர்கள்

முன்பக்கத்துக்கு இரண்டு புது டயர் போட்டு, அதே கடையில் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தேன். ரோட்டுக்கு வந்து ஸ்டீயரிங் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடது பக்கமே போனது. அப்படியே திருப்பிக்கொண்டு போய்ச் சொன்னேன். மறுபடி மெஷினில் ஏற்றினார்கள், திரையில் எல்லாம் பச்சை. "அலைன்மென்ட் கரெக்டா இருக்கு சார், ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு. அதை மாத்தினாத்தான் சரியாகும்" என்றார் அங்கே வேலை பார்த்தவர். ரேக் என்பது ஸ்டீயரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்.

டயர் மாற்றும்வரை நேராகப் போய்க்கொண்டிருந்த வண்டி அது! டயர்ல ஏதாவது இருக்குமா என்று கேட்டதற்கு, "புது டயர்ல எப்படி சார் வரும்" என்று முடித்துவிட்டார்கள். ரேக் சின்னச் செலவு இல்லை. மாட்டிய பிறகு இன்னொரு அலைன்மென்ட்டுக்கும் தனியாக பில் வரும். நான் சம்மதிக்கவில்லை.

வேறொரு மெக்கானிக் முதலில் காற்றைப் பார்த்தார். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிட்டார். காலிபர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சிக்கியிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும் (டிஸ்க்கில் கை வைத்துவிடாதீர்கள்). பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், புஷ் என்று சக்கரத்தைத் தாங்கும், திருப்பும் இணைப்புகள் எதிலும் ஆட்டம் இல்லை. ரோடு ஓரமாகச் சரிந்திருந்தாலும் வண்டி லேசாக ஓரத்துக்கு ஒதுங்கும் என்பதால் சமதளமான இடத்திலும் ஓட்டிப் பார்த்தார். அங்கும் இடதுதான்.

அப்புறம் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டார். வண்டி வலது பக்கம் இழுத்தது! வேறு எதையும் தொடவில்லை. டயரோடு சேர்ந்து இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான், ரேக் இல்லை. டயருக்குள் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டை (பெல்ட்) நடுவில் உட்காராமல் சற்றே விலகியிருந்தால், உருளும்போது டயர் கூம்பு போல ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால், இடம் வலமாக மாற்றாமல் அதே பக்கத்துப் பின் டயரோடு மாற்றிப் போட்டு, இழுப்பு போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பச்சை நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் காட்டித்தான் வாயை அடைக்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அனுமதித்த அளவுக்குள் இருந்தாலே பச்சை வந்துவிடும். இழுப்புக்கு முக்கியம் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பகுதி வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்) எந்தப் பக்கம் அதிக பாசிட்டிவோ அந்தப் பக்கமும், காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமும் வண்டி போகும். அரை டிகிரி வித்தியாசமே பல வண்டிகளில் கையில் தெரியும். பல கடைகளில் திருத்துவது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். முன்பக்க டோ தவறினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும். வண்டி ஒரே பக்கம் இழுக்க அது காரணமாவது அரிது.

ஆகவே வேலைக்கு முன், பின் எடுத்த இரண்டு பிரின்ட்டையும் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தந்தது பின்னால் எடுத்தது மட்டும். டயரைப் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்க்காமல் ரேக் என்று சொன்னால் வண்டியை அங்கே விடாதீர்கள். பழுதான டயரை மாற்றித் தரும்படி பில்லோடு அந்தக் கடையில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.