பனர் அடிக்கப் போய் ‘நாய் நாள்’ வாங்கிய கதை

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் உள்ள ஒரு பிறிண்டிங் கடை பற்றியது இது. பெயர் போடவில்லை, ஏனென்று வாசித்தால் விளங்கும்.

செப்ரெம்பர் 25 உலக அட்டாக்சியா விழிப்புணர்வு நாள். அட்டாக்சியா எண்டால் உடல் அசைவுகள் சொல்வழி கேளாமல் போகிற நரம்பு நோய். எங்கள் வீட்டுக் கலண்டரில் போயா இருக்கிறது, இது இல்லை. இங்கேயும் அதை அதிகாரபூர்வமாக அறிவியுங்கள் என்று மாவட்டச் செயலகத்துக்கு ஒரு மனு, சந்தையடியில் கட்ட ஒரு பனர், 200 நோட்டீஸ், இவ்வளவுதான் வேலை. அக்காவின் மகனுக்கு அதில் ஒரு வகையான பிரீட்ரீக் அட்டாக்சியா. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வரும், ஆனால் அவர்கள் இருவரும் சுகமாகவே இருப்பார்கள், ஆகவே ‘எங்கட பரம்பரையில இல்லையே’ என்று சொல்லிப் பயனில்லை. 1863 இல் நிக்கொலாஸ் பிரீட்ரீக் என்ற ஜேர்மன் மருத்துவர் எழுதிவைத்த நோய், மரபணு பிடிபட்டதோ 1996 இல். புத்தி தெளிவு. நடை தள்ளாடும், நாக்குக் குழறும், இதயத்தையும் தாக்கும். கள்ளை வாயில் வைத்தறியாத பிள்ளையை பஸ்ஸில் ‘காலமையே போட்டிட்டான்’ என்கிறார்கள்.

நான் எழுதிக்கொண்டு போனது ஒரு பக்கம். டிசைன் செய்கிற தம்பி வாசித்துவிட்டு, “அண்ணை, இதை ஆர் நிண்டு வாசிக்கப்போகினம்? ‘இவர் குடிக்கவில்லை’ எண்டு பெரிசாப் போடுவம், மிச்சம் கீழ சின்னனா” என்றார். அந்த ஒரு யோசனைக்கே ஐந்து நட்சத்திரம்.

ஆனால் பனரை விரித்தால், அரிய நரம்பு ‘நாய்’ விழிப்புணர்வு நாள்! யூனிக்கோட்டில் அனுப்பியதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது இரட்டைக்கொம்பு எங்கேயோ விழுந்துவிட்டது. எனக்குக் கோபம், மருமகனோ சிரித்துச் சிரித்து ஓட்டோவுக்குள்ளேயே சரிந்துவிட்டான். (கடை வாசலில் இரண்டு படி, சாய்தளம் இல்லை, அவன் உள்ளே வர வழியில்லை. இதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.) முதலாளி மறுபேச்சில்லாமல் அன்று இரவே காசு வாங்காமல் திருப்பி அடித்துத் தந்தார்.

பனர் தடிப்பானது, கச்சான் காற்றுக்கும் கிழியவில்லை. நோட்டீஸ் தாள்தான் மெல்லிசு, மை மறுபக்கம் தெரிகிறது. மனுவைக் கொடுத்தாயிற்று, பதில் இன்னும் இல்லை. சரி, போகிறவர்கள் பிறிண்ட் போட முதல் வட்சப்பில் படம் கேட்டு வாங்கி, கொம்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.