மின்சாரம், காந்தம், ஒளி: அல்ஜீப்ரா வழியா, கால்குலஸ் வழியா?

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த இயற்பியல் பாடம் இரண்டு விதமாக நடக்கிறது. இங்கே சேலத்திலிருந்து போகும் பிள்ளைகள் எதை எடுப்பதென்று குழம்புகிறார்கள்.

கணக்கு: அல்ஜீப்ரா வழிக்குச் சமன்பாடும் கொஞ்சம் முக்கோணவியலும் போதும். கால்குலஸ் வழிக்குத் தொகையிடல் கைவர வேண்டும்.

காந்தம்: நீளமான நேர்க்கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால், 10 செ.மீ. தள்ளிக் காந்தப்புலம் 10 மைக்ரோடெஸ்லா. அல்ஜீப்ராவில் சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். அந்தச் சூத்திரம் எப்படி வந்தது என்பதைக் கால்குலஸ்தான் காட்டும்.

ஒளி: பெரிய வித்தியாசமில்லை. 20 செ.மீ. குவியத்தூரமுள்ள குவிலென்ஸை மாடி ஜன்னலில் பிடித்து, பின்னால் வெள்ளைத்தாளை நகர்த்துங்கள். சரியாக 20 செ.மீ.யில் சேர்வராயன் மலை தலைகீழாக, பச்சை மாறாமல் விழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு அல்ஜீப்ரா வழி நல்லது. இன்ஜினியரிங், இயற்பியல் என்றால் கால்குலஸ்தான், தள்ளிப்போடாதீர்கள்.