30,000 அடிக் குதிப்புக்கு முன்பணம் கட்டுவோர் கவனத்திற்கு

அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில், 30,000 அடி உயரத்திலிருந்து பயிற்றுநருடன் பிணைந்து பாராசூட்டில் குதிக்க வைக்கும் ஒரு நிறுவனத்திடம் முன்பணம் கட்டி ஏமாந்த விவரத்தை, அதே எண்ணத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உடையும் சாதனங்களும் அவரவர் அளவுக்கே தரப்படும் என்று அவர்கள் எழுத்து மூலம் உறுதியளித்திருந்தார்கள்.

அந்த உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 44 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆக்சிஜன் தடைபட்டால் ஓரிரு நிமிடங்களில் சுயநினைவோடு செயல்படும் திறன் போய்விடும். ஆனால் எனக்குத் தந்த முகக்கவசத்தின் ரப்பர் விளிம்பு காய்ந்து, மூக்குத்தண்டு படும் இடத்தில் வெடித்திருந்தது. குழாயின் முனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தால் கவசம் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கோ கன்னத்தோரமாகக் காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. உடலில் கரைந்துள்ள நைட்ரஜனை வெளியேற்றுவதற்காகக் குதிப்பதற்கு முன் நெடுநேரம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். கவசம் கசிந்தால் அவ்வளவு நேரமும் வீண். வேறு அளவு கேட்டதற்கு, வாரை இறுக்கினால் சரியாகிவிடும் என்றார்கள். கையுறைக்கும் உடையின் கைக்கும் இடையே இரண்டு விரற்கடை அளவுக்குத் தோல் வெளியே தெரிந்தது.

1960இல் அமெரிக்க விமானப்படை விமானி ஜோசப் கிட்டிங்கர் வலக் கையுறை பழுதான நிலையிலும் 1,02,800 அடியிலிருந்து குதித்து நலமாக இறங்கினாரே என்று அலுவலர் ஒருவர் எனக்குத் தைரியம் சொன்னார். உள்ளே காற்றழுத்தம் ஏறாமல் போன அந்தக் கையுறைக்குள் கிட்டிங்கரின் கை வீங்கிச் செயலற்றுப் போனதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஆபத்தை முழுதாக அறிந்த விமானப்படைச் சோதனை விமானியின் முடிவை, பணம் கட்டி வந்த வாடிக்கையாளருக்குச் சான்றாகக் காட்டுவது பொறுப்பற்ற செயல்.

நான் குதிக்க மறுத்தேன். நானாக விலகியதாகச் சொல்லி முன்பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். படங்களை இணைத்து வங்கியில் புகார் செய்திருக்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் முகக்கவசத்தை உங்கள் முகத்தில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். தாடி இருந்தால் கவசம் முகத்தில் சரியாகப் படியாது. அதைப் பற்றிக் கேட்காத நிறுவனத்தை நம்ப வேண்டாம். அமெரிக்க விதிப்படி, முதன்மைப் பாராசூட் விரியாவிட்டால் பயன்படும் துணைப் பாராசூட்டை உரிமம் பெற்றவர் கடந்த 180 நாட்களுக்குள் மடித்துக் கட்டியிருக்க வேண்டும். அதற்கான பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாதனக் குறைபாட்டால் விலகினால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.