புதுக் கம்ப்யூட்டருக்கு மாறிய கதை: கேபிளுக்கு நன்றி, பாமினிக்கு ஒரு கும்பிடு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றதிலிருந்து கீழக்கரை நண்பன் ஒருவன் விடாமல் கேட்கிறான்: "மாப்ள, நீ புதுசுக்கு மாறினியே, எல்லாம் முழுசா வந்துச்சா?" வந்தது. வந்தும் வராத மாதிரி இருப்பதும் உண்டு.

எனக்குத் தங்கச்சிமடத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை. பழைய லேப்டாப்பின் யூ.எஸ்.பி. துளைகள் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிட்டன. பென் டிரைவைச் செருகினால் பிடிக்கும், பாதியில் விடும். அதனால் 2025 மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகெல்லாம் கரையில் நின்று மனு வேலையும் குறைந்திருந்தபோது, ஹார்ட் டிஸ்கையே கழற்றி சாட்டா-யூ.எஸ்.பி. கேபிளில் மாட்டினேன். சில நூறு ரூபாய்ப் பொருள். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்குக்கு அந்தக் கேபிளே மின்சாரமும் கொடுத்துவிடும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க் என்றால் தனி அடாப்டர் வேண்டும். பழைய பயனர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று மிரட்டும். தொடரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் திறந்துவிடும். டிஸ்க் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் மட்டும் மீட்புச் சாவி இல்லாமல் ஒன்றும் நடக்காது. திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, மனுக்கள், படங்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்தன. இவ்வளவு மலிவாக இவ்வளவு நிம்மதி தரும் பொருள் என் கடையில் வேறு இல்லை.

செட்டிங்ஸ் அப்படி வராது. பழைய வேர்டில் செய்து வைத்த டெம்ப்ளேட் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டரில் கிடக்கும், தேடிப்போய் எடுக்க வேண்டும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய விண்டோஸ் கணக்கின் பூட்டுக்குள் இருப்பதால், ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தாலும் திறக்காது. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே கூகுள் கணக்கில் ஏற்றிவிடுவதுதான் வழி. விண்டோஸ் 11-இல் 32-பிட் வகையே கிடையாது, ஆகவே 32-பிட் டிரைவர் மட்டுமே உள்ள பிரிண்டருக்கு அங்கே இடமில்லை. இதெல்லாம் ஒரு வாரத் தொல்லை, போய்விட்டது.

போகாத தொல்லை பாமினி. இந்த எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்பது உள்ளே சின்ன எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவைப் புதியதில் நிறுவினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், அச்சும் அழகாக வரும். ஆனால் அதையே வாட்ஸ்அப்பிலோ அரசு இணையதளத்திலோ ஒட்டினால் வேஷம் கலைந்துவிடும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடை 2010-இலேயே தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. இங்கே டி.டி.பி. காரர்கள் காதில் அது விழவில்லை, என் காதும் அதில் சேர்த்திதான்.

சரி, மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது எழுத்துருவைப் பார்க்காது, எழுத்தை மட்டும் பார்க்கும். மீன்வளத் துறைக்கான மனுவில் படகின் பதிவு எண் ஆங்கிலத்தில் இருக்கும்: ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று போகும். பாமினியில் சின்ன எம் 'அ' என்றால் பெரிய எம் 'ஆ'. மாற்றி முடித்தால் எம்எம் இருந்த இடத்தில் 'ஆஆ' என்று படகே அலறுகிறது! ஒவ்வொரு மனுவிலும் பதிவு எண், ஆதார் அட்டை விவரம், மின்னஞ்சல் என்று ஆங்கிலம் வரும் இடமெல்லாம் தேடித் திருத்த வேண்டும். ஒன்று தப்பினாலும் மனு திரும்பி வரும், படகுக்காரர் என்னைத்தான் முறைப்பார்.

புதிய லேப்டாப் சட்டென்று எழுகிறது, சூடாவதில்லை, ஸ்கேன் வேலை பறக்கிறது. கேபிளைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். நண்பா, உன் கடையில் எல்லாம் யுனிகோட் என்றால் நாளைக்கே வாங்கு. பாமினி இருந்தால் பழையதை எடைக்குப் போடாதே, ஓரமாக வைத்துக்கொள்.

இந்த மாற்றத்துக்கு மொத்தமாக ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். நியாயமில்லை என்று தெரியும். ஆனால் இன்று காலை அச்சுக்குப் போகவிருந்த ஒரு மனுவில் இன்னும் ஒரு 'ஆஆ' கண்ணில் பட்டது.